பட்டாளத்துக்குப் போன கொள்ளுத்தாத்தா என்ன ஆனார்? முதல் உலகப் போரில் இறந்த உறவினரைத் தேடுவது எப்படி?

"எங்க தாத்தாவோட அப்பா வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்தாரு. கப்பல் ஏறிப் போனவர்தான், திரும்பி வரவே இல்ல."

வேலூர், திருவண்ணாமலை, தருமபுரி பக்கம் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பத்தில் ஒரு வீட்டிலாவது இப்படி ஒரு வரி வந்துவிடும். அதற்கு மேல் கேட்டால் பதில் இருக்காது. எந்த நாட்டில் இறந்தார்? குண்டு பட்டா, காய்ச்சலிலா? எந்த வருஷம்? "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இறந்த நாள் தெரியாததால் திதியும் தெரியாது. அதனால் மகாளய அமாவாசையில் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கும் எள்ளும் தண்ணீரும்தான் அவருக்கும். நூறு வருஷத்துக்கும் மேலாக இப்படியே போகிறது.

அந்த நாளை இன்று கையில் இருக்கும் மொபைலிலேயே கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தமிழர்கள் அங்கே எப்படிப் போனார்கள்?

முதல் உலகப் போர் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோம். ஆனால் சென்னைக்கு வந்த போரைவிட, சென்னையிலிருந்து போருக்குப் போனவர்களின் கதை பல மடங்கு பெரியது.

அந்தப் போரில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். இறந்தவர்கள் 74,000-க்கும் அதிகம். மதராஸ் மாகாணத்திலிருந்து மட்டும் போர்க்காலத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 92,000 பேர். இதில் 41,000 பேர் துப்பாக்கி ஏந்தாதவர்கள்: சுமை தூக்கியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், சமையல்காரர்கள், வண்டி ஓட்டியவர்கள், சாலையும் ரயில் பாதையும் போட்டவர்கள்.

ஏன் இவ்வளவு பேர் போரிடாத வேலையில்? போருக்கு முன்பே பிரிட்டிஷ் ராணுவம் 'வீரப் பரம்பரை' என்று ஒரு கணக்கு வைத்திருந்தது. பஞ்சாபியர், பட்டாணியர், கூர்க்கா உள்ளே; மதராஸ்காரர்கள் வெளியே. மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் பல அதற்கு முன்பே குறைக்கப்பட்டிருந்தன. எனவே தமிழர்களில் பலர் போனது 'சாப்பர்ஸ்' என்ற பொறியாளர் படைக்கும் பயனியர் பிரிவுகளுக்கும்தான். பதுங்குகுழி வெட்டுவது, முள்வேலி போடுவது, ஆற்றின் குறுக்கே பாலம் கட்டுவது அவர்கள் வேலை.

நம் தேடலுக்கு இது முக்கியமான தகவல். "தாத்தா பட்டாளத்தில் இருந்தார்" என்றதும் காலாட்படைப் பட்டியலை மட்டும் புரட்டிவிட்டு, இல்லை என்று கைவிடுகிறவர்கள் அதிகம். மெட்ராஸ் சாப்பர்ஸ், 61-வது, 64-வது பயனியர்கள், தொழிலாளர் படைகள், போக்குவரத்துப் பிரிவுகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

காலாட்படையிலும் தமிழர்கள் இல்லாமல் இல்லை. 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, கர்னாடிக் என்று பெயர் வரும் பல பிரிவுகள் உண்டு. இதில் பாளையங்கோட்டை பிரிவும் 61-வது பயனியர்களும் 1914 நவம்பரிலேயே, இன்றைய தான்சானியாவில் இருக்கும் டாங்கா துறைமுகத்தில் இறக்கப்பட்டன. ஊர்ப்பெயர் பாளையங்கோட்டை, சண்டை ஆப்பிரிக்காவில். இந்தப் பெயர்களில் பல 1922 ராணுவ மறுசீரமைப்பில் காணாமல் போய்விட்டன. இன்றைய ராணுவப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்

இணையத்துக்குப் போகும் முன் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

போரில் பணியாற்றியவர்களுக்கு 'பிரிட்டிஷ் வார் மெடல்' என்ற வெள்ளிப் பதக்கம் தரப்பட்டது. கூலிப் படைகளில் போனவர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். பதக்கத்தின் முகப்பில் இருப்பது ராஜாவின் தலை, அதில் நமக்கு எதுவும் இல்லை. அதன் விளிம்பைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றி ஒரு வரி பொறித்திருக்கும்: படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு. தேய்ந்துபோயிருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து மொபைலில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், எழுத்து இன்னும் தேயும்.

இறந்தவர் குடும்பத்துக்கு உள்ளங்கை அகலத்தில், சுமார் 12 செ.மீ. விட்டத்தில் ஒரு வெண்கலத் தட்டும் வந்தது. பிரிட்டானியா என்ற பெண் உருவமும் ஒரு சிங்கமும் இருக்கும், கூடவே இறந்தவர் பெயர். பதவி இருக்காது. யாராக இருந்தாலும் சமம் என்று காட்டவே பதவியை விட்டுவிட்டார்கள். அந்த சமத்துவம் எவ்வளவு தூரம் போனது என்பதைப் பிறகு பார்ப்போம்.

உண்மையைச் சொன்னால் இவை பல வீடுகளில் இருக்காது. வெள்ளி கொலுசாகியிருக்கும், வெண்கலம் பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும். அப்போது கைகொடுப்பது பேச்சுதான். வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் இன்றே உட்காருங்கள். "எந்த வருஷம் போனார்" என்று கேட்டால் பதில் வராது. "பாக்தாத் என்று சொல்வார்களா, பஸ்ரா என்று சொல்வார்களா? பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தாரா? பென்ஷன் யார் வாங்கினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெங்களூர் என்ற ஒரு சொல் வந்தாலே சாப்பர்ஸ் பக்கம் தேட ஒரு காரணம் கிடைத்துவிடும். அவர்களின் தலைமையகம் அங்கேதான்.

ஊரில் இருக்கும் கல்வெட்டும் உதவும். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இன்றும் ஒரு பலகை இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் மகா யுத்தத்துக்குப் போனார்கள், அதில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். தினமும் ஆயிரக்கணக்கானோர் அதன் கீழே காய்கறி வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த 14 பேர் யார்? பலகையில் பெயர் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் எங்கே தேடுவது?

முதல் இடம், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளம். 1917-ல் தொடங்கிய அமைப்பு. போரில் இறந்தவர்களைத் தேடும் பக்கம் அதில் உண்டு, இலவசம். பெயர், பதவி, படை எண், பிரிவு, இறந்த தேதி, எந்த நினைவிடம் என்பதெல்லாம் வரும். அதிர்ஷ்டம் இருந்தால் "இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா" என்ற வரியும் வரும்.

இங்கதான் பலர் சறுக்குகிறார்கள். நம் பெயரை நம் உச்சரிப்பில் தேடுகிறோம். எழுதியவரோ நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ராணுவ குமாஸ்தா, காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். முனுசாமி, முனிசாமி, முனிஸ்வாமி, மூன்சாமி எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம். 'ழ' அவர்களுக்கு வராது. பழனியை 'புல்னி' என்று எழுதிய காலம் அது. ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் போட்டுப் பாருங்கள். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் ஒற்றைப் பெயரை குடும்பப் பெயருக்கான கட்டத்திலேயே போட வேண்டும். முதல் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு 'யாரும் இல்லை' என்று வந்ததும் போனை வைத்துவிடக் கூடாது.

ஊர்ப்பெயரிலும் இதே கதைதான். திருநெல்வேலி 'டின்னவெல்லி', தஞ்சாவூர் 'டாஞ்சூர்', திருச்சி 'ட்ரிச்சினாபோலி', செங்கல்பட்டு 'சிங்கில்புட்'. வேலூரும் திருவண்ணாமலையும் அன்று 'நார்த் ஆர்காட்' ஜில்லாவுக்குள் இருந்தன. பெயர் சிக்கவே இல்லையென்றால், பெயரை விட்டுவிட்டு இந்திய ராணுவம், படைப்பிரிவு என்று மட்டும் வடிகட்டி, கூடுதல் தகவல் கட்டத்தில் ஜில்லா பெயரைப் போட்டுப் பாருங்கள். பட்டியல் நீளும், பொறுமை வேண்டும். அப்பா பெயரும் ஊரும் பொருந்தினால்தான் உறுதி. பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக யாரையோ தாத்தா ஆக்கிவிட வேண்டாம்.

தேதி கிடைத்தால் அடுத்த கதவு திறக்கும். ஒவ்வொரு படைப்பிரிவும் போர்முனையில் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். இன்று எங்கே இருந்தோம், என்ன நடந்தது, எத்தனை பேர் போனார்கள். இந்த நாட்குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பலவற்றை இணையத்தில் தேடி, கட்டணம் கட்டித் தரவிறக்கலாம். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் போர் நாட்குறிப்புகள் உண்டு.

தாத்தா இறந்த தேதிக்கான பக்கத்தைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மழை, பதுங்குகுழியில் முழங்கால் அளவு தண்ணீர், காலையில் ஷெல் அடி என்றெல்லாம் இருக்கும். அதிகாரி யாராவது காயப்பட்டிருந்தால் பெயரோடு இருக்கும். அதற்குக் கீழே "ஐ.ஓ.ஆர். 3 பலி, 11 காயம்" என்பதுபோல ஒரு வரி. ஐ.ஓ.ஆர். என்றால் இந்திய சாதாரணச் சிப்பாய்கள் என்று அர்த்தம். அந்த மூன்றில் ஒன்றுதான் உங்கள் கொள்ளுத்தாத்தா.

பெயர் யாருக்கு, எண் யாருக்கு?

பிரான்ஸில் நியூவ் சப்பல் என்ற ஊர். 1915 மார்ச் 10 முதல் 13 வரை அங்கே நடந்த சண்டையில் இந்தியப் படையில் மட்டும் சுமார் 4,200 பேர் இறந்தோ காயப்பட்டோ போனார்கள். 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கிய படைகள் அவை. முதல் பனிக்காலத்தையே பதுங்குகுழிக்குள் கழித்தவர்கள். 1927-ல் அங்கே ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. உடல் கிடைக்காத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர் அந்த வட்டச் சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண சிப்பாய்க்கும் அங்கே பெயர் உண்டு.

இப்போது இராக்குக்கு வாருங்கள். அன்று அதன் பெயர் மெசபடோமியா. பிரான்ஸிலிருந்து இந்தியக் காலாட்படை 1915 கடைசியில் இங்கேதான் அனுப்பப்பட்டது. 'குட்' என்ற ஊரில் துருக்கிப் படை முற்றுகையிட்டிருந்தவர்களை மீட்க 1916 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஹன்னா, சன்னையத் என்று ஒவ்வொரு பதுங்குகுழி வரிசையாக மோதினார்கள். டைகிரிஸ் வெள்ளம் ஒரு பக்கம், காலரா ஒரு பக்கம். மீட்பு முயற்சியில் மட்டும் சுமார் 23,000 பேர் பலியாகியோ காயப்பட்டோ போனார்கள். அப்படியும் 147 நாள் முற்றுகைக்குப் பிறகு ஏப்ரல் 29 அன்று குட் சரணடைந்தது. சிறைபிடிக்கப்பட்ட சுமார் 13,000 பேரில் பெரும்பாலானோர் இந்தியர்கள்.

இங்கே இறந்து கல்லறை தெரியாத 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு பஸ்ராவில் நினைவிடம் கட்டினார்கள். அதில் பிரிட்டிஷ் வீரர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயர், அதன் பக்கத்தில் எத்தனை பேர் என்ற எண். அவ்வளவுதான்.

அதே ராணுவம், அதே சிப்பாய். பிரான்ஸில் செத்தால் பெயர், இராக்கில் செத்தால் எண்ணிக்கை! ஐரோப்பியர்கள் வந்து பார்க்கும் இடத்தில் ஒரு நியாயம், யாரும் போகாத இடத்தில் இன்னொரு நியாயம் என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இது நம்முடைய புலம்பல் மட்டுமல்ல. 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே நியமித்த குழு அறிக்கை கொடுத்தது. இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து போன்ற இடங்களைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். இனப் பாகுபாடு இதற்கு ஒரு காரணம் என்றும் அறிக்கை சொன்னது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் பென் வாலஸும் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக்குப் பிறகு ஏதாவது நடந்ததா? கொஞ்சம் நடந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், அதுவரை எங்கும் பெயர் இல்லாத 1,772 கறுப்பினத் தொழிலாளர் படையினருக்கு நினைவிடம் திறக்கப்பட்டது, ஒவ்வொருவர் பெயரோடும். இங்கிலாந்தின் பிரைட்டன் அருகே தகனம் செய்யப்பட்ட 53 இந்து, சீக்கிய வீரர்களுக்கு 1921-லேயே 'சத்ரி' கட்டிவிட்டார்கள். ஆனால் அவர்கள் பெயர்கள் கல்லில் ஏறியது 2010-ல்தான். 89 வருஷம்!

பஸ்ரா சுவரில் பெயர் இல்லை என்பதால் தேடாமல் விட்டுவிடாதீர்கள். சுவர் வேறு, பதிவேடு வேறு. அங்கே எண்ணாக மட்டும் இருக்கும் சிப்பாய்கள் பலரின் பெயர், இறந்த தேதியோடு ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது. பஸ்ராவுக்குப் போனாலும் பார்க்க முடியாததை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே பார்க்கலாம் என்பது ஒரு விசித்திரம்தான்.

எகிப்து, பாலஸ்தீனப் பக்கம் இறந்தவர்களுக்கு சூயஸ் கால்வாய் முகப்பில் இருந்த நினைவிடம் இஸ்ரேல்-எகிப்து மோதல்களில் சேதமாகி, பிறகு 1980-ல் ஹெலியோபோலிஸில் புதிதாக அமைக்கப்பட்டது. டெல்லி இந்தியா கேட்டில் எல்லோர் பெயரும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. அங்கே பொறிக்கப்பட்டிருப்பது 13,300 சொச்சம் பெயர்கள்தான்.

சென்னையில் ஏதாவது இருக்கிறதா?

நந்தம்பாக்கத்தில், மவுண்ட்-பூந்தமல்லி சாலையில், மெட்ராஸ் போர்க் கல்லறை இருக்கிறது. அங்குள்ள கல்லறைகள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரைச் சேர்ந்தவை. அதே வளாகத்தின் பின்பக்கம் 1914-1918 போருக்கான நினைவுச்சுவர் உண்டு. இந்தியாவிலேயே இறந்து, பராமரிக்க முடியாத பல ஊர்க் கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில். வெளிநாட்டில் இறந்தவரை இங்கே தேடினால் கிடைக்க மாட்டார்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அன்றைய மதராஸ் அரசின் ஆணைகள் இருக்கின்றன. போருக்குப் போன குடும்பத்துக்கு நிலமோ மானியமோ கொடுத்ததாக வீட்டில் பேச்சு இருந்தால், வருவாய்த் துறை ஆணைகளில் தேட ஒரு காரணம் இருக்கிறது. தேட நாள் பிடிக்கும்.

பஞ்சாபியர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி கிடைத்திருக்கிறது. 1919-ல் பஞ்சாப் அரசு ஊர் ஊராக எழுதிய பதிவேடுகள், சுமார் 3,20,000 பேரின் விவரம், லாகூர் அருங்காட்சியகத்தில் நூறு வருஷம் படிக்காமல் கிடந்தன. 2021 முதல் அவற்றை கிரீன்விச் பல்கலைக்கழகமும் பிரிட்டனில் உள்ள பஞ்சாபி அமைப்பு ஒன்றும் சேர்ந்து இணையத்தில் ஏற்றத் தொடங்கின. அங்கே கிராமத்தின் பெயரைப் போட்டாலே போனவர்கள் பட்டியல் வருகிறது. அந்தத் தளம் பஞ்சாபுக்கு மட்டும்தான். நமக்கும் ஒன்று வேண்டும் என்று யாராவது கேட்டால் தப்பில்லை.

பெயரே இல்லை என்றால்?

எவ்வளவு தேடியும் ஆணையத்தின் பட்டியலில் உங்கள் ஆள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். விடுபட்ட பெயரைச் சேர்க்கச் சொல்லி நீங்களே ஆணையத்துக்கு எழுதலாம். இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: அவர் படையில் இருந்தார் என்பது, அவர் 1914 ஆகஸ்ட் 4-க்கும் 1921 ஆகஸ்ட் 31-க்கும் இடையில் இறந்தார் என்பது. பணியில் இருக்கும்போது எப்படி இறந்திருந்தாலும் சரி, காய்ச்சலிலானாலும் சரி. பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு வீட்டுக்கு வந்து இறந்திருந்தால், போரில் பட்ட காயமோ நோயோதான் காரணம் என்று காட்ட வேண்டும்.

கடைசித் தேதியைக் கவனியுங்கள். சண்டை 1918 நவம்பரில் நின்றுவிட்டது. ஆனால் மெசபடோமியாவிலிருந்து நெஞ்சுச் சளியோடும் வயிற்றுக் கடுப்போடும் ஊர் திரும்பி, 1919-லோ 1920-லோ திண்ணையில் செத்துப்போனவரும் இந்தக் கணக்கில் வரலாம். "அவர் சண்டையில சாகல, வீட்டுலதான் செத்தார்" என்று குடும்பமே தள்ளிவிட்ட ஆள் அவர். பதக்கம், டிஸ்சார்ஜ் காகிதம், பென்ஷன் சீட்டு, ஊர்க் கணக்கில் இருந்த இறப்புப் பதிவின் நகல் என்று எது கிடைத்தாலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். முன்பணம் கட்டினால் பெயரைச் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம், ஆணையம் இதற்குப் பணம் வாங்குவதில்லை.